எந்தச் சூனியக்காரி நல்லவள்?

பேய்ப்படம் என்றாலே "ஐயோ, ராத்திரித் தூக்கம் போச்சே!" என்று அலறுகிற ரகம் நான். ஆனாலும் 1957-ல் வெளிவந்த 'தி அன்டெட்' என்ற அமெரிக்கப் படத்தைப் பற்றி உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும். இதில் இரண்டு சூனியக்காரிகள் மல்லுக்கு நிற்கிறார்கள். அந்தச் சண்டையில் நம் வீட்டுக்கும் ஒரு சேதி இருக்கிறது.

படத்தை எடுத்தவர் ரோஜர் கார்மன். குறைந்த செலவில் படம் எடுப்பதில் பேர் வாங்கியவர். 2024-ல் தமது 98-வது வயதில் காலமானார். மூடிக் கிடந்த ஒரு சூப்பர் மார்க்கெட் கட்டடத்துக்குள்ளேயே காடு, சத்திரம், இடுகாடு எல்லாம் போட்டு, பத்து நாட்களுக்குள் படப்பிடிப்பை முடித்துவிட்டாராம்! செலவு சுமார் 70,000 டாலர். ஹாலிவுட் கணக்கில் இது சில்லறைக் காசு. புகையைக் கிளப்பினால் பனிமூட்டம். பொம்மை வௌவாலை ஆட்டினால் பறக்கும் சூனியக்காரி. மாசக் கடைசியில் இருக்கிற காயை வைத்து நாம் விருந்து சமைப்பதில்லையா, அந்த மாதிரி!

கதை இதுதான். ஓர் ஆராய்ச்சியாளர், தெருவில் நின்று பிழைக்கும் டயானா என்ற பெண்ணை மனோவசியத்தில் ஆழ்த்தி, முற்பிறவிக்கு அனுப்புகிறார். அங்கே அவள் பெயர் ஹெலீன். சூனியக்காரி என்று வீண்பழி சுமந்து, விடிந்தால் தலை போகும் நிலையில் சிறையில் கிடக்கிறாள்.

நிஜச் சூனியக்காரி லிவியா. ஆலிசன் ஹேய்ஸ் நடித்திருக்கிறார், அவ்வளவு அழகு! ஹெலீனின் காதலன் மேல் லிவியாவுக்கு ஆசை. அதனால் ஹெலீன் ஒழிய வேண்டும். அவளைக் காப்பாற்றப் போராடுவது மெக் மாட் என்ற இன்னொரு சூனியக்காரி. கோணல் மூக்கும் நீண்ட மோவாயுமாக, பார்த்தாலே பயம் வரும் கிழவி!

"ஏம்மா, அழகா இருக்கிறவதானே நல்லவளா இருப்பா? இங்கே தலைகீழா இருக்கே!" என்றாள் என் பெண். அதைத்தான் அவள் கவனிக்க வேண்டும் என்று நான் நினைத்தேன்.

கடைசியில் ஹெலீனுக்கு ஒரு தர்மசங்கடம். அவள் தப்பித்தால் அவளுடைய வருங்காலப் பிறவிகள் எதுவுமே இல்லாமல் போகும். அந்தப் பிறவிகளுக்காக அவளே வெட்டுமேடைக்கு ஓடுகிறாள். பொம்மை வௌவாலைப் பார்த்துச் சிரித்த நான், அங்கே கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

சின்னக் குழந்தைகளுக்கு இந்தப் படம் வேண்டாம். விவரம் தெரிந்த பிள்ளைகளோடு பாருங்கள். பயந்தால் புகையும் பொம்மையும் எப்படி வந்தன என்று விளக்குங்கள். பாதிப் பயம் போய்விடும்.

படத்தில் நடப்பது கற்பனை. ஆனால் அதே அமெரிக்காவில் சேலம் என்ற ஊரில் 1692-ல் சூனியக் குற்றம் சாட்டி 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். அவர்களில் 14 பேர் பெண்கள். அது கதையல்ல, நடந்தது.

இன்றைக்கும் "அவளா? ராசியில்லாதவள்", "அவள் கண்ணே பொல்லாதது" என்று எத்தனை பேச்சு காதில் விழுகிறது! சகோதரிகளே, அடுத்த தடவை அப்படி ஒரு பேச்சு வந்தால், சொல்லப்படுகிறவளின் முகத்தைப் பார்க்காதீர்கள். அவள் மேல் பழி விழுந்தால் யாருக்கு ஆதாயம் என்று பாருங்கள். லிவியா அங்கேதான் நிற்பாள்.