உக்கும் மரமும் உடையாத இலிக்னினும்

வெம்பிளியில் நம்மவர்கள் வாங்கிய வீடுகளிற் பல, இரு உலகப்போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தவை. இத்தகைய பழைய வீடுகளின் கீழ்த்தளம் பெரும்பாலும் மரப்பலகை, அதனடியில் வெற்றிடம். அங்கே காற்றுப் போய்வர வெளிச்சுவரின் அடியில் துளைச்செங்கற்கள் வைத்திருப்பார்கள். கார் நிறுத்த முன்முற்றத்தைச் சீமெந்தால் உயர்த்தும்போது முதலில் மூடப்படுபவை இத்துளைகள்தாம். மரத்தின் ஈரம் நூற்றுக்கு 20ஐத் தாண்டி அப்படியே நின்றால் 'செர்ப்புலா லக்ரிமன்ஸ்' என்ற பங்கசு குடிவரலாம். ஆங்கிலேயர் இதனை 'டிரை ரொட்', அதாவது உலர் உக்கல் என்பர். ஈரமின்றித் தொடங்காத ஒன்றுக்கு வேடிக்கையான பெயர்! 'லக்ரிமன்ஸ்' என்றால் கண்ணீர் வடிப்பது. அதன்மேல் நீர்த்துளிகள் கோத்து நிற்பதைப் பார்த்து வைத்த இலத்தீன் பெயரே பொருத்தமானது.

பங்கசு மரத்தில் எதைத் தேடுகிறது? செலுலோசை. அது சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலியாய்க் கோத்த நார். ஆனால் கம்பியைக் கொங்கிரீட் மூடியிருப்பதுபோல் அந்நாரை இலிக்னின் இறுகப் பிடித்திருக்கிறது. வளைய வடிவ மூலக்கூறுகள் ஒழுங்கின்றிப் பின்னிய பொருள் இலிக்னின். ஒரே மாதிரியான பிணைப்பு இல்லாததால், பூட்டுக்குத் திறப்புப்போல் பொருந்தி வெட்டும் வழக்கமான நொதியங்கள் இதனிடம் தோற்றுப்போகின்றன.

வெள்ளை உக்கல் பங்கசுகள் வேறு தந்திரம் செய்கின்றன. 1983இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்த இலிக்னின் பெரொக்சிடேசு என்ற நொதியம், ஐதரசன் பெரொக்சைட்டின் துணையுடன் வளையத்திலிருந்து ஓர் இலத்திரனைப் பறிக்கிறது. நிலைகுலைந்த மூலக்கூறு பிறகு தானாகவே உடைகிறது. மங்கனீசு பெரொக்சிடேசு தானே நேரில் போவதில்லை. மங்கனீசு அயனை மின்னேற்றித் தூதனுப்புகிறது. செம்பைக் கொண்ட லக்கேசு, காற்றின் ஒட்சிசனையே பயன்படுத்துகிறது. இலிக்னின் போனபின் எஞ்சுவது வெளிறிய நார்.

நம் வீட்டு விருந்தாளியோ பழுப்பு உக்கல் வகை. இலிக்னினை முழுதாய் உடைக்க அது மெனக்கெடுவதில்லை. இரும்பும் பெரொக்சைட்டும் சேர்ந்து பிறப்பிக்கும் மிகச்சிறிய மூர்க்கமான துணிக்கைகளை மரத்துள் அனுப்பிச் செலுலோசைத் துண்டாடுகிறது. உருமாறிய இலிக்னின் பழுப்பாய் மிஞ்ச, பலகை கட்டங்கட்டமாய் வெடிக்கிறது. விரலால் நசித்தாலே பொடியாகும். பலகையில் இக்கட்டங்களைக் கண்டால், மருந்தடிக்குமுன் ஈரம் எங்கிருந்து வருகிறதென்று தேடுங்கள்.

(பழைய புத்தகங்களின் மெல்லிய வனிலா வாசத்திலும் இலிக்னினுக்குப் பங்குண்டு. அங்கே பங்கசு வேண்டியதில்லை, காலமே போதும்.)

பிரித்தானியக் கடற்படையையும் உக்கல் விட்டுவைக்கவில்லை. 1810இல் டெப்ட்போர்டில் வெள்ளோட்டம் விட்ட 'குயீன் சார்லட்' போர்க்கப்பல் பணிக்குப் போகுமுன்பே உக்கத் தொடங்கிற்று. அதிலிருந்த பங்கசுகளை ஆராய இயற்கையியலாளர் ஜேம்ஸ் சவர்பியை அழைக்க வேண்டியதாயிற்று. இங்கிலாந்தில் ஓக் மரத்துக்கும் தட்டுப்பாடு. 1817இல் பம்பாயில் தேக்கினாற் கட்டிய ஒரு கப்பலுக்கு நம் திருகோணமலையின் பெயரைச் சூட்டினார்கள். தேக்கின் வைரத்திலுள்ள குயினோன் சேர்மங்கள் பங்கசுக்கு ஆகாதவை. 'டிரிங்கோமலி' இன்றும் ஹார்ட்டில்பூலில் நீரில் மிதந்துகொண்டிருக்கிறது.