நான்காவது குரோமோசோமைத் தேடி

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு என்று மெண்டலின் விதிகளை நாம் பட்டாணிச் செடியை வைத்துத்தான் படித்திருக்கிறோம். நெட்டை, குட்டை என்று கட்டம் போட்டு மதிப்பெண்ணும் வாங்கிவிட்டோம். அதே கட்டத்தை ஒரு தாயையும் அவர் பெற்ற பெண்களையும் வைத்துப் போட நேர்ந்தால் எப்படி இருக்கும்? 1968-ஆம் ஆண்டு அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஒரு குடும்பத்துக்கு அப்படித்தான் நேர்ந்தது.

லியோனார் வெக்ஸ்லர் என்ற அந்த அம்மையார் நம்மைப் போலவே விலங்கியல் படித்தவர். ஒருநாள் அவர் தள்ளாடி நடந்ததைக் கண்ட காவலர் ஒருவர், குடித்திருக்கிறார் என்றே எண்ணிக் கண்டித்தாராம். மருத்துவர்கள் கண்டு சொன்னதோ ஹண்டிங்டன் நோய். அவருடைய தந்தையும் சகோதரர்கள் மூவரும் இதே நோய்க்குப் பலியானவர்கள்.

1872-இல் ஜார்ஜ் ஹண்டிங்டன் என்ற 22 வயது மருத்துவர் இந்நோயைத் தெளிவாக விவரித்து எழுதினார். அதனால் அவர் பெயரே நோய்க்கு நிலைத்தது. மூளையின் ஆழத்தில் உள்ள நரம்பணுக்கள் சிறிது சிறிதாக அழிகின்றன. கைகால்கள் தாமாகவே ஆடும், பேச்சு குழறும், அறிவும் மனநிலையும் தடுமாறும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர வாய்ப்பு சரிபாதி. இதில் கொடுமை என்னவென்றால், பெரும்பாலும் 30 முதல் 50 வயதுக்குள்தான் நோய் தலைகாட்டும். அதற்குள் திருமணமாகிப் பிள்ளைகளும் பிறந்துவிடுவார்கள்.

லியோனாரின் முன்னாள் கணவர் மில்டன் வெக்ஸ்லர் ஒரு மனநல ஆய்வாளர். அவர்களுடைய பெண்கள் ஆலிஸ், நான்சி. லியோனாரின் நிலையையும் மகள்களின் எதிர்காலத்தையும் எண்ணி அவர் ஓய்ந்துவிடவில்லை. நன்கொடை திரட்டத் தொடங்கினார். அந்த முயற்சிதான் பின்னர் பரம்பரை நோய் அறக்கட்டளை என்று பெயர் பெற்றது. அப்பணத்தில் அவர் பெரிய கட்டிடம் எதையும் எழுப்பவில்லை. இளம் விஞ்ஞானிகள் சிலரை ஓர் அறையில் கூட்டி, படம் காட்டிச் சொற்பொழிவாற்றாமல் மனத்தில் தோன்றியதைத் தாராளமாகப் பேசச் சொன்னார். பலன் உறுதியில்லாத யோசனைக்கு அரசு நிதி எளிதில் கிட்டுவதில்லை. அந்த முதல் அடிக்குத்தான் தருமப் பணம் தேவை என்பது என் கருத்து. (நம் ஆய்வுக்கூடத்தில்கூட ஒரு புதிய சோதனைக்கு வேதிப்பொருள் வாங்குவது எவ்வளவு பாடு!)

தென் அமெரிக்காவின் வெனிசுவேலா நாட்டில், மரக்காய்போ ஏரிக்கரைக் குடியிருப்புகளில் இந்நோய் மிகுந்திருப்பதை அமெரிக்கோ நெக்ரெட்டே என்ற மருத்துவர் 1955-இல் எழுதியிருந்தார். நான்சியும் அவருடைய குழுவினரும் 1979 முதல் அங்கே சென்றனர். அறக்கட்டளையோடு அமெரிக்க அரசின் நரம்பியல் ஆய்வு நிறுவனமும் துணை நின்றது. இரத்தம் கொடுக்க மக்கள் தயங்கியபோது, தம் தாய்க்கும் இதே நோய் இருந்ததைச் சொல்லி, ஆய்வுக்காகத் தம் கையில் தோல் எடுத்த தழும்பையும் நான்சி காட்டினார். ஆண்டுதோறும் சென்று அவர்கள் எழுதிய வம்சாவளிப் படத்தில் 18,000 பேருக்கு மேல் இடம் பெற்றனர். இரத்த மாதிரிகள் 4,000-ஐத் தாண்டின.

இத்தனை பேர் எதற்கு? முகவரி தெரியாத வீட்டைத் தேடும்போது, 'புளியமரத்துக்குப் பக்கத்து வீடு' என்று யாராவது சொன்னால் பாதி வேலை முடிந்தது அல்லவா? டி.என்.ஏ.வில் அத்தகைய புளியமரங்கள் உண்டு. குரோமோசோமில் அருகருகே இருப்பவை பெரும்பாலும் சேர்ந்தே பிள்ளைகளுக்குப் போகும். ஒரு குறிப்பிட்ட அடையாளம் நோயோடு சேர்ந்தே தலைமுறை தலைமுறையாக வருகிறதா என்று உறுதி செய்யப் பெரிய குடும்பம் வேண்டும். ஜேம்ஸ் குசெல்லா என்ற இளைஞர், ஆராய்ந்த முதல் டஜன் அடையாளங்களுக்குள்ளேயே அந்த மரத்தைக் கண்டுவிட்டார். 1983-இல் அது நான்காவது குரோமோசோம் என்று தெரிந்தது. மரத்திலிருந்து வீட்டு வாசலுக்குப் போகவோ மேலும் பத்து ஆண்டுகள் ஆயின. 1993-இல் ஆறு குழுக்களைச் சேர்ந்த 58 விஞ்ஞானிகள் சேர்ந்து மரபணுவைக் கண்டறிந்தனர். சைட்டோசின், அடினின், குவானின் என்ற மூன்றெழுத்துத் தொடர் அங்கே திரும்பத் திரும்ப வருகிறது. அது 40 முறையோ அதற்கு மேலோ வந்தால் வாழ்நாளில் நோய் வருவது ஏறத்தாழ உறுதி.

ஆக, நோய் வருமா என்று இரத்தச் சோதனையில் முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஆனால் வேரோடு நீக்கும் மருந்து இல்லாதபோது அதைத் தெரிந்துகொள்ள எத்தனை பேருக்குத் துணிவு வரும்? வழி காட்டிய நான்சியே அச்சோதனையைச் செய்துகொள்ளவில்லை. தமக்கும் அந்நோய் வந்துவிட்டதை 2020-இல் அவரே வெளிப்படையாகக் கூறினார்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். படித்ததை எல்லாம் இரவில் அம்மாவிடம் சொல்வது வழக்கம். இந்தக் கதையை முழுவதும் கேட்டுவிட்டு அம்மா, "ஏம்ப்பா, ரத்தம் குடுத்த அந்த ஏரிக்கரை சனங்களுக்கு என்ன கெடச்சுது?" என்றார்.

எந்தப் புத்தகமும் என்னை இப்படிக் கேட்டதில்லை. உடல் ஆட்டத்தைத் தணிக்கும் டெட்ராபெனசின் மருந்துக்கு 2008-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது நோயை நிறுத்துவதில்லை. மரக்காய்போவில் நோயாளிகளுக்கென 1999-இல் ஒரு பராமரிப்பு இல்லம் திறந்தார்கள். பின்னர் அது பணமின்றி மூடப்பட்டது. ஆய்வுக்கு நன்கொடை திரட்டும்போதே, இரத்தம் கொடுத்தவர்களின் உணவுக்கும் மருந்துக்கும் ஒரு பங்கை ஒதுக்கியிருக்க வேண்டாமா? மெண்டல் கட்டத்தில் இதற்கு இடமில்லை. பரம்பரை நோய்ப் பாடம் நடக்கும்போது இக்கேள்வியையும் வகுப்பில் எழுப்பலாமா என்று எங்கள் பேராசிரியரைக் கேட்டேன். நீயே எழுந்து கேள் என்றார்.