நாடு ராணுவத்தின் கையில்... ஐ.நா. இருக்கை யார் கையில்? மியான்மர் மக்களின் முறையீடு என்ன ஆனது?

ஒரு நாட்டின் ஆட்சியை ராணுவம் பிடித்துவிட்டது. மக்கள் தேர்ந்தெடுத்த தலைவர்கள் சிறையில். ஆனால், ஐ.நா. சபையில் அந்த நாட்டின் இருக்கையில் உட்கார்ந்திருந்தவரோ, ராணுவம் பதவியை விட்டுத் தூக்கிய தூதர்! கேட்கவே விநோதமாக இருக்கிறதா? மியான்மரில் இதுதான் நடந்தது.

"சர்வதேச சமூகம் தலையிட வேண்டும்" என்ற வரியை செய்திகளில் அடிக்கடி பார்க்கிறோம். அப்படி ஒரு நாட்டு மக்கள் கேட்டால், நிஜத்தில் என்ன நடக்கும்? எது நடக்காது? மியான்மரை வைத்தே பார்த்துவிடலாம்.

மியான்மரில் என்ன நடந்தது?

2020 நவம்பரில் நடந்த பொதுத் தேர்தலில் ஆங் சான் சூச்சியின் தேசிய ஜனநாயக லீக் கட்சி, 476 இடங்களில் 396-ஐ வென்றது. ராணுவ ஆதரவுக் கட்சிக்குக் கிடைத்தது வெறும் 33. தேர்தலில் மோசடி நடந்துவிட்டது என்றது ராணுவம். புதிய நாடாளுமன்றம் கூட இருந்த 2021 பிப்ரவரி 1 அன்று, ராணுவத் தளபதி மின் ஆங் லைங் ஆட்சியைக் கைப்பற்றினார். சூச்சியும் அதிபர் வின் மின்டும் கைது செய்யப்பட்டனர்.

மக்கள் தெருவில் இறங்கினார்கள். ராணுவம் சுட்டது. 2022 ஜூலையில், முன்னாள் எம்.பி. ஃபியோ ஜெயா தாவ் உட்பட ஜனநாயக ஆதரவாளர்கள் 4 பேர் தூக்கிலிடப்பட்டனர். ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு 6,000 பேருக்கு மேல் கொல்லப்பட்டதாகச் சொல்கிறது கைதிகள் உதவி அமைப்பான ஏ.ஏ.பி.பி. வீட்டை விட்டு ஓடியவர்கள் 30 லட்சத்துக்கும் மேல் என்கிறது ஐ.நா.

தூதர் செய்த காரியம்

ஆட்சி கவிழ்ந்து 25 நாள்தான் ஆகியிருந்தது. பிப்ரவரி 26 அன்று ஐ.நா. பொதுச்சபையில் மியான்மர் தூதர் கியாவ் மோ துன் பேசினார். பேசியது ராணுவத்துக்காக அல்ல, கவிழ்க்கப்பட்ட அரசுக்காக. தேவையான எந்த வழியிலாவது நடவடிக்கை எடுங்கள் என்று உலக நாடுகளிடம் கேட்டார். கடைசியில், போராட்டக்காரர்களின் அடையாளமான மூன்று விரல்களை உயர்த்தினார். மறுநாளே அவரைப் பதவி நீக்கியது ராணுவம். அவர் நகரவில்லை.

ஐ.நா. ஏன் படை அனுப்பவில்லை?

2021-ல் யாங்கூன் தெருக்களில் 'ஆர்2பி' என்று எழுதிய பதாகைகளைப் பார்க்க முடிந்தது. ஒரு அரசே தன் மக்களைக் கொன்று குவித்தால், அவர்களைக் காக்கும் பொறுப்பு உலகத்துக்கு உண்டு என்று 2005-ல் ஐ.நா. உச்சி மாநாட்டில் நாடுகள் ஏற்றுக்கொண்ட கொள்கை அது. ஐ.நா. வரும் என்று அந்த இளைஞர்கள் நம்பினார்கள்.

வரவில்லை. காரணம் எளிது. படை அனுப்பும் அதிகாரம் பாதுகாப்பு கவுன்சிலிடம் இருக்கிறது. அங்கே சீனாவுக்கும் ரஷ்யாவுக்கும் வீட்டோ இருக்கிறது. 2022 டிசம்பரில்தான் கவுன்சில் ஒரு தீர்மானம் போட்டது. 12 நாடுகள் ஆதரவு. சீனா, ரஷ்யா, இந்தியா வாக்களிக்கவில்லை. வன்முறையை நிறுத்து, கைதிகளை விடு என்றது தீர்மானம். ஆயுதத் தடை அதில் இல்லை.

பக்கத்து நாடுகளின் ஆசியான் அமைப்பும் 2021 ஏப்ரலில் ஐந்து அம்ச உடன்பாடு கண்டது. ஒப்புக்கொண்டுவிட்டுப் போன மின் ஆங் லைங், அதை நிறைவேற்றவில்லை. அதனால் ஆசியான் உச்சி மாநாட்டுக்கு அவரை அழைக்காமல் விட்டார்கள்.

அப்படியென்றால் முறையீடு வீணா?

முழுக்க வீண் என்று சொல்ல முடியாது. இரண்டு இடங்களில் அது வேலை செய்தது.

முதலாவது, அந்த இருக்கை. ஒரு நாட்டின் பிரதிநிதி யார் என்பதைப் பரிசீலிக்க ஐ.நா.வில் 9 நாடுகள் கொண்ட நற்சான்றுக் குழு இருக்கிறது. ராணுவம் தன் ஆளை அனுப்பக் கேட்டது. குழு 2021 டிசம்பரில் முடிவைத் தள்ளிவைத்தது. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அதே கதைதான். முடிவு வராதவரை பழைய தூதரே தொடர்வார் என்பது நடைமுறை. அமெரிக்காவும் சீனாவும் ரஷ்யாவும் உட்கார்ந்திருக்கும் குழு, சண்டை போடாமல் தேர்ந்தெடுத்த வழி இது.

எல்லா இடத்திலும் இப்படி நடக்கவில்லை. ரோஹிங்யா இன அழிப்பு வழக்கை விசாரிக்கும் சர்வதேச நீதிமன்றத்தில், 2022-ல் மியான்மர் சார்பில் வந்து நின்றது ராணுவ அரசின் குழு. லண்டனில், சூச்சியை விடுதலை செய்யச் சொன்ன தூதர், தன் தூதரகத்துக்குள்ளேயே நுழைய முடியாமல் வெளியே நிறுத்தப்பட்டார்.

இரண்டாவது, பணம். ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு குறைந்தது 100 கோடி டாலர் மதிப்பிலான ஆயுதங்களும் தளவாடங்களும் மியான்மர் ராணுவத்துக்குப் போனதாக ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் டாம் ஆண்ட்ரூஸ் 2023-ல் கணக்குக் காட்டினார். ரஷ்யா, சீனாவோடு சிங்கப்பூர், இந்தியா, தாய்லாந்து நிறுவனங்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. அறிக்கை வந்ததும் சிங்கப்பூர் அரசு விசாரித்தது. அடுத்த ஆண்டு அறிக்கையில், சிங்கப்பூர் நிறுவனங்கள் வழியாகப் போன சரக்கு ஏறக்குறைய 90 சதவீதம் குறைந்திருந்தது. பாதுகாப்பு கவுன்சிலால் முடியாததை, ஒரு கணக்கு அறிக்கையும் ஒரு அரசின் விசாரணையும் செய்தன.

இந்தியாவுக்கு என்ன சிக்கல்?

மியான்மருடன் இந்தியாவுக்கு 1,643 கி.மீ. எல்லை இருக்கிறது. வடகிழக்கின் பாதுகாப்பு ஒரு பக்கம், சீனாவின் செல்வாக்கு இன்னொரு பக்கம். ராணுவத்தைப் பகைக்காமல், ஜனநாயகம் திரும்ப வேண்டும் என்றும் பேசுகிறது டெல்லி. மிசோரம் மக்களோ, தப்பி வந்தவர்களை உறவினர்களாக ஏற்று இடம் கொடுத்தார்கள்.

இதில் தமிழர்களுக்கும் தொடர்பு உண்டு. பர்மாவில் இருந்து வெளியேறிய தமிழர்களின் குடும்பங்கள் மணிப்பூர் எல்லையான மோரேயில் வாழ்கின்றன. 2022 ஜூலையில், மோரேயில் இருந்து எல்லை தாண்டி தமு நகருக்குப் போன தமிழர்கள் இருவர் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டனர்.

இனி எதைக் கவனிக்க வேண்டும்?

சூச்சியின் கட்சியை 2023-ல் கலைத்துவிட்டு, 2025 டிசம்பர் 28 முதல் கட்டம் கட்டமாகத் தேர்தலை நடத்தியது ராணுவம். சண்டை நடக்கும் பல பகுதிகளில் வாக்குப்பதிவே இல்லை. இப்படி ஒரு தேர்தல் ஏன்? "எங்களுடையது மக்கள் தேர்ந்தெடுத்த அரசு" என்று வெளியே காட்டத்தான். அந்த வாதத்தை நாடுகள் ஏற்றுக்கொண்டால் தூதரகம், வங்கிக் கணக்கு, கடன், ஆயுத ஒப்பந்தம் என எல்லாக் கதவும் ஒவ்வொன்றாகத் திறக்கும்.

எனவே, இனி மியான்மர் பற்றிய செய்தி வந்தால், கண்டன அறிக்கைகளை எண்ண வேண்டாம். ஐ.நா. நற்சான்றுக் குழு யாருடைய பெயரை ஏற்கிறது, யாருடைய வங்கி வழியாகப் பணம் போகிறது என்று பாருங்கள். முறையீட்டுக்கு உலகம் சொல்லும் உண்மையான பதில் அங்கேதான் தெரியும்.