மட்டக்களப்பைப் பார்க்க வாவியிலிருந்து தொடங்குங்கள்

மட்டக்களப்புக்கு வரும் சுற்றுலாப் பயணிகளில் பலர் மட்டக்களப்பைப் பார்ப்பதே இல்லை. கொழும்பிலிருந்து வண்டி பிடிப்பவர்கள் வாழைச்சேனையில் திரும்பி நேரே பாசிக்குடாவுக்குப் போகிறார்கள். இரண்டு நாள் கடலில் குளிக்கிறார்கள், படம் பிடிக்கிறார்கள், வந்த வழியே திரும்பிவிடுகிறார்கள். அங்கிருந்து தெற்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் வந்தால் மாவட்டத்தின் தலைநகர் இருக்கிறது. நானூறு ஆண்டு வரலாறுள்ள கோட்டையும், வாவியும், அந்த வாவியைச் சுற்றியே வளர்ந்த ஒரு வாழ்க்கையும் அவர்கள் கண்ணில் படாமலே போகின்றன. பாசிக்குடா அழகானதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அது மட்டக்களப்பின் ஓர் ஓரம். நடுவைப் பார்க்க வேண்டுமானால் வாவிக்கரைக்கு வர வேண்டும்.

முதலில் இந்த நிலத்தின் அமைப்பைப் புரிந்துகொள்வது நல்லது. ஏறாவூர்ப் பக்கத்துப் பன்குடாவெளியில் தொடங்கித் தெற்கே கல்முனையை அண்டிய பகுதி வரை, கடலுக்கு இணையாக ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீளத்துக்கு வாவி கிடக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல் நிலம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயலும் குளமும் காடுமாக விரிவது படுவான்கரை. சூரியன் எழும் பக்கம், படும் பக்கம் என்று ஊரார் திசை சொல்லும் வழக்கிலேயே பெயர்கள் அமைந்துவிட்டன. மீனும் தேங்காயும் கடைத்தெருவும் எழுவானில், நெல்லும் தயிரும் மாடும் படுவானில். இரண்டுக்கும் நடுவில் தோணியும் 'பாதை' எனப்படும் மிதவைப் படகும் பாலமும். மட்டக்களப்பில் பார்க்க வேண்டியவை என்று எந்தப் பட்டியலை எடுத்தாலும், அதிலுள்ள பெரும்பாலானவை இந்தத் தண்ணீரால்தான் அங்கே இருக்கின்றன.

கோட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். நகரின் நடுப்பகுதியான புளியந்தீவு, பெயருக்கேற்ப நாலாபுறமும் நீர் சூழ்ந்த தீவு. போர்த்துக்கேயர் 1628இல் இங்கே கோட்டை கட்டினார்கள். பத்தே ஆண்டுகளில், 1638 மே 18 அன்று, ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். இலங்கையில் அவர்கள் கைப்பற்றிய முதல் போர்த்துக்கேயக் கோட்டை இதுவே. கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனோடு ஒல்லாந்தர் செய்த புகழ்பெற்ற உடன்படிக்கையும் அதே மாதம் மட்டக்களப்பில்தான் கைச்சாத்தானது. அதற்கும் முன்பே, 1602 மே மாத முடிவில், ஒல்லாந்தக் கடலோடி யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் இந்தக் கரையில் இறங்கித்தான் கண்டிக்குப் போனார். ஆக, ஒல்லாந்தருடனான இலங்கையின் ஒன்றரை நூற்றாண்டுக் கதைக்கு வாசல் மட்டக்களப்பு.

கோட்டை பெரிதல்ல. நான்கு மூலையிலும் கொத்தளம், இரு பக்கம் வாவி, மற்ற இரு பக்கம் அகழி. அதன் வாயிலில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரையைக் காணலாம். பிரித்தானியர் காலம் தொட்டு நெடுங்காலம் கச்சேரி என்ற மாவட்ட அரச அலுவலகம் உள்ளேதான் இயங்கியது. காணி உறுதிக்கும் ஓய்வூதியத்துக்குமாக எத்தனையோ தலைமுறை மக்கள் ஏறி இறங்கிய படிகள் அவை. அதனால் மட்டக்களப்பாருக்கு அது வெறும் பழங்கட்டடமாக ஒருபோதும் இருந்ததில்லை. மதில் மேல் ஏறி வாவியைப் பார்த்தால், இந்த இடத்தைக் காவலுக்குத் தெரிந்தெடுத்ததன் காரணம் யாரும் விளக்காமலே விளங்கும்.

கோட்டையிலிருந்து நடந்தே காந்தி பூங்காவுக்கு வரலாம். வாவிக்கரையில் மட்டக்களப்பு வாயில் என்ற கட்டுமானம் நிற்கிறது. 1814இல் மெதடிஸ்த மதபோதகர் வில்லியம் ஓல்ட் வந்திறங்கிய துறை இது என்பதன் நினைவு. வந்த ஆண்டிலேயே அவர் பள்ளிக்கூடம் தொடங்கினார், அடுத்த ஆண்டு ஏப்ரலில் நோயுற்று இறந்தும் போனார். அந்தச் சில மாத உழைப்பில் முளைத்ததுதான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. பக்கத்திலேயே 1873இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரி. இந்தச் சிறிய தீவுக்குள் அரை நாள் நடந்தால் ஒரு மாவட்டம் எப்படிப் படிக்கத் தொடங்கியது என்பதே கண்முன் வந்துவிடும்.

இங்கிருந்து கல்லடிப் பாலத்துக்குப் போக வேண்டும். பழைய இரும்புப் பாலம் 1924இல் கட்டப்பட்டது. அப்போதைய ஆளுநர் மானிங்கின் மனைவி பெயரால் லேடி மானிங் பாலம் என்று அழைக்கப்பட்டது. ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய அகலம். ஒரு பக்கம் வந்தால் மறுபக்கம் காத்திருக்க வேண்டும். ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் நகரையும் தெற்கு எழுவான்கரையையும் அது ஒன்றேதான் இணைத்தது. 2013இல் ஜப்பானிய உதவியோடு கட்டிய புதுப்பாலம் திறக்கப்பட்டது. இப்போது இரண்டும் அருகருகே நிற்கின்றன.

'மீன்பாடும் தேன்நாடு' என்ற பெயருக்கு ஊரார் சுட்டிக்காட்டும் இடமும் இந்தப் பாலத்தடியே. இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயணிகள் இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள், அரைகுறையாகத்தான் பதில் கிடைக்கிறது.

கேட்கும் முறை இதுதான். காற்றடங்கிய இரவு, பூரணை அண்டிய நாள், ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரையான வறண்ட மாதங்கள். பாலத்தருகே நீருக்குள் பாறைகள் கிடக்கும் பகுதிக்குத் தோணியைக் கொண்டுபோய் நிறுத்துவார்கள். துடுப்பின் அகன்ற முனையை நீருக்குள் அமிழ்த்தி, பிடியைக் காதோடு ஒட்டி வைக்க வேண்டும். தண்ணீருக்குள் இருக்கும் ஒலி மரத்தின் வழியே காதுக்கு ஏறும். வெறுங்காதுக்கு எட்டாததும் மரத்தில் எட்டும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. ஒலிகள் வெவ்வேறு சுருதியில், மெலிதாக, ஒன்றன்மேல் ஒன்றாக வரும் என்பதே கேட்டவர்களின் வாக்கு.

பிரித்தானிய ஆட்சியில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1848 செப்டெம்பரில் இங்கே வந்து தோணியில் போய்க் கேட்டார். இலங்கையைப் பற்றி 1859இல் வெளியிட்ட நூலில் அதை விரிவாக எழுதினார். அவருக்குக் கேட்டது ஒரே நீண்ட ஒலி அல்ல. ஒவ்வொன்றும் தனித்துத் தெளிந்த பல சின்ன ஒலிகள். அன்றைய மீனவர்கள் அவரிடம் மீன் என்றே சொல்லவில்லை. ஊரி என்ற நத்தை கத்துகிறது என்றார்கள், ஊரிகளைப் பொறுக்கியும் காட்டினார்கள். 1950களில் புனித மிக்கேல் கல்லூரியில் இருந்த அமெரிக்க இயேசு சபைத் துறவி லாங், கருவியை நீருக்குள் இறக்கி ஒலிப்பதிவு செய்தார். அதன் பிறகு மட்டக்களப்பின் பெயர் இன்னும் தூரம் பரவியது.

மீன் ஒலி எழுப்புமா என்று கேட்டால், எழுப்பும். பல இன மீன்கள் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பையைத் தசைகளால் அதிரவைத்து ஒலி உண்டாக்குகின்றன. இனப்பெருக்கக் காலத்தில் துணையை அழைப்பதற்கும் எல்லை காப்பதற்கும் அவை இப்படிச் செய்வதை உலகின் பல கரைகளில் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே மட்டக்களப்புக் கதையை வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் இன்று பாலத்தில் ஓயாத வாகன இரைச்சல், வாவியில் இயந்திரப் படகுகள், கரையில் கொட்டும் கழிவு. கேட்க வேண்டும் என்று உண்மையிலேயே விரும்புகிறவர் நள்ளிரவு தாண்டி, இயந்திரமில்லாத தோணியில் போக வேண்டும். பயணிகளை ஏற்றும் படகுக்காரர் அந்த நேரத்தில் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் துடுப்புப் போட்டால் அதுவே பெரிய உதவி.

இந்த ஒலியில் மனம் வைத்தவர்களில் முதன்மையானவர் சுவாமி விபுலாநந்தர். காரைதீவில் 1892இல் பிறந்த அவர், வாவியில் பாடும் நீரர மகளிரைக் கவிதையாக்கினார். பழந்தமிழரின் யாழை மீட்டெடுக்க ஆண்டுக்கணக்கில் உழைத்து எழுதிய 'யாழ் நூல்' 1947 யூனில் தமிழ்நாட்டின் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே, யூலை 19 அன்று, அவர் மறைந்தார். அவர் நிறுவிய சிவானந்த வித்தியாலய வளவில், கல்லடி உப்போடையில், சமாதி இருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் இங்கேதான் துயில்கிறார் என்பது தமிழ்நாட்டிலிருந்து வரும் பயணிகள் பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்தால் தவறவிடமாட்டார்கள்.

கல்லடிக் கடற்கரை பக்கத்தில்தான். அங்குள்ள திருச்செந்தூர் முருகன் ஆலயத்தின் கோபுரம் 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலையில் சரிந்து, விழாமல் நின்றது. அதே அலை நாவலடியையும் டச்பாரையும் துடைத்துக்கொண்டு போனது. டச்பாரில் வாழ்ந்த பறங்கியர் சமூகம் அன்று கண்ட இழப்பு மிகப் பெரிது. போர்த்துக்கேய மொழியின் ஒரு வடிவத்தை இன்றுவரை வீட்டில் பேசிவரும் மக்கள் அவர்கள். கல்யாண வீடுகளில் வயலினோடு கப்ரிஞ்ஞா ஆடுவதும் அவர்கள் மரபு.

தெற்கே சில கிலோமீட்டரில் காத்தான்குடி. பிரதான வீதியின் நடுவே பேரீச்ச மரங்கள் வரிசையாக நிற்கும். பூர்வீக நூதனசாலையில் கிழக்கிலங்கை முஸ்லிம்களின் பழைய வீடு, தொழில், உணவு எல்லாம் ஆளுயர உருவங்களாக அமைக்கப்பட்டுள்ளன. இங்குள்ள இரு பள்ளிவாசல்களில் 1990 ஓகஸ்ட் 3 அன்று இரவுத் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதம் 9ஆந் திகதி, நகரின் வடக்கே சத்துருக்கொண்டான் இராணுவ முகாமில் குழந்தைகள் உட்பட 184 தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். 2019 உயிர்த்த ஞாயிறன்று நகரின் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது, இறந்தவர்களில் பலர் சிறுவர்கள். பிட்டும் தேங்காய்ப்பூவும் போல அடுத்தடுத்து வாழும் சமூகங்கள் இவை. இந்த இடங்களைச் சுற்றுலாப் பட்டியலில் சேர்க்கலாமா என்று சிலர் தயங்குகிறார்கள். சேர்க்க வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் அங்கே போகிறவர்கள் அனுமதி கேட்டுப் போக வேண்டும், முன்னால் நின்று படம் பிடித்துக்கொள்ளக் கூடாது.

படுவான்கரைக்கு ஒரு நாளாவது ஒதுக்குங்கள். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரை அங்கே கடப்பது 'பாதை'யில்தான். மிதவைகளின் மேல் பலகை அடித்த தட்டையான படகு அது. சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் நெல் மூட்டையும் ஆட்களும் ஒன்றாக ஏறுவார்கள். பாலத்தைக் கடந்தால் கொக்கட்டிச்சோலை. தான்தோன்றீஸ்வரர் ஆலயத்தில், கோயிலை இடிக்க வந்த பறங்கிப் படைத்தலைவன் முன்னால் கல் நந்தி எழுந்து புல் தின்றது என்பது ஐதிகம். தேர் வடத்தை ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து இழுக்கும் திருவிழாவில் கூட்டத்துக்குள் நின்று பார்த்தால்தான் அந்த வேகம் தெரியும்.

இன்னும் தெற்கே மண்டூர். எழுவான்கரையிலுள்ள குருமண்வெளித் துறையிலிருந்து வாவியைக் கடந்து போவதே இங்குள்ள முருகன் கோயிலுக்கான பழைய வழி. சின்னக் கதிர்காமம் என்று பெயர். கதிர்காமத்தைப் போலவே பூசை செய்பவர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மௌனமாகப் பூசை செய்கிறார். நகருக்குப் பக்கத்தில் அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் ஆலயம். ஆடி அமாவாசையன்று மாமாங்கத் தீர்த்தத்தில் நீராட மாவட்டம் முழுவதும் திரண்டு வரும். இறந்த தந்தைக்குப் பிதிர்க்கடன் கொடுப்பவர்கள் விடியுமுன்னே வரிசையில் நிற்பார்கள். வீதி நிறையக் கச்சான் கடைகள். வைகாசியில் வந்தால் கண்ணகி அம்மன் கோயில்களில் குளிர்த்தி என்னும் சடங்கு நடக்கும். தமிழ்நாட்டில் பெரிதும் மறைந்துபோன கண்ணகி வழிபாடு இங்கே ஊருக்கு ஊர் உயிரோடு இருக்கிறது.

கூத்தைப் பார்க்காமல் போவதும் பிழை. வடமோடியும் தென்மோடியும் இங்கே கிராமங்களில் இன்றும் ஆடப்படுகின்றன. அண்ணாவியார் மத்தளத்தோடு நடுவில் நிற்க, வட்டக்களரியைச் சுற்றிச் சனம் நிலத்தில் அமர்ந்திருக்கும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் இக்கலையைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுபோனார். அவருடைய மாணவர் பேராசிரியர் சி. மௌனகுரு மட்டக்களப்பிலேயே பல தலைமுறை மாணவர்களைப் பயிற்றியிருக்கிறார். கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் விசாரித்தால் எந்த ஊரில் எப்போது கூத்து என்று தெரிந்துகொள்ளலாம்.

முகத்துவாரத்துக்கு மாலையில் போங்கள். பாலமீன்மடுவில் 1913இல் கட்டிய வெளிச்சவீடு நிற்கிறது. படகில் கண்டல் காடுகளுக்கிடையே போகலாம். மாரியில் படுவான்கரை வெள்ளம் எல்லாம் வாவியில் சேர்ந்து நிரம்பும்போது, இங்கேதான் கடலை அடைத்து நிற்கும் மணல்திட்டை வெட்டிவிடுவார்கள். தாமதித்தால் பயிர் அழுகும் என்பது விவசாயியின் கவலை. முந்தி வெட்டினால் இறாலும் மீனும் கடலோடு போய்விடும் என்பது மீனவரின் கவலை. போர்க்காலத்தில் பாதுகாப்புக்கென்றும், இறால் பண்ணைகளுக்கென்றும் வெட்டப்பட்ட கண்டல்கள் சில இடங்களில் மீண்டும் நடப்பட்டு வருகின்றன. கன்று நட்ட சேற்றில் படகை ஏற்ற வேண்டாம் என்று பயணிகளே படகோட்டியிடம் சொல்லலாம்.

சுழியோடிகளுக்குத் தனி ஈர்ப்பு ஒன்று உண்டு. விமானந்தாங்கிக் கப்பலாகவே வடிவமைக்கப்பட்ட உலகின் முதல் கப்பலான எச்.எம்.எஸ். ஹேர்மிஸ், 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்களின் தாக்குதலில் இந்தக் கடலில்தான் மூழ்கியது. 307 பேர் இறந்தார்கள். ஐம்பது மீற்றருக்கும் மேல் ஆழத்தில் கிடப்பதால், நன்கு பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே அங்கே இறங்க வேண்டும்.

மட்டக்களப்புக்கு வர, கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து பகலில் உதயதேவி, இரவில் மீனகயா என இரண்டு புகைவண்டிகளை ஊரார் அதிகம் நம்புகிறார்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை மழை, சில ஆண்டுகளில் வெள்ளமும் வரும். 1978 நவம்பர் 23 சூறாவளியை முதியவர்கள் இன்னும் பேசுவார்கள். ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை வாவியும் கடலும் அமைதி. அந்த மாதங்களுக்குள்ளேயே குளிர்த்தி, ஆடி அமாவாசை, மண்டூர்த் திருவிழா எல்லாம் வந்துவிடுகின்றன. பாசிக்குடாவில் அறை பதிந்தவர்களும் ஒரு நாளைக் குறைத்துக்கொண்டு புளியந்தீவில் தங்கலாம். விடியற்காலையில் வாவிக்கரை வீதிக்கு நடந்து வந்தால், வீச்சுவலைக்காரர் அப்போதுதான் கரைக்குக் கொண்டுவந்த நண்டையும் இறாலையும் விலை பேசி வாங்கலாம்.