மீன் குட்டையில் இயற்கை உணவு: நீரின் நிறமே அளவுகோல்

தவிடும் பிண்ணாக்கும் போட்டால் மீன் வளர்ந்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் கெண்டை மீன்களுக்கு ஏற்ற உணவு குட்டை நீரிலேயே விளைகிறது. நீரில் மிதந்து வாழும் நுண்ணுயிர்களே அந்த உணவு. இவற்றைப் பிளாங்டன் என்பர். இது நன்கு விளைந்தால் தீவனச் செலவு குறையும்.

பிளாங்டனில் இரு வகை உண்டு. சூரிய ஒளியைக் கொண்டு தாமே உணவு தயாரிக்கும் நுண்பாசிகள் தாவர மிதவைகள். இவையே நீருக்குப் பச்சை நிறம் தருகின்றன. இவற்றைத் தின்று வளரும் நீர்த்தெள்ளு போன்ற சிற்றுயிர்கள் விலங்கு மிதவைகள். மேல்மட்டத்தில் மேயும் கட்லா விலங்கு மிதவைகளையும், வெள்ளிக்கெண்டை தாவர மிதவைகளையும் விரும்பி உண்கின்றன. ரோகு நடுமட்டத்திலும், மிர்கால் அடிமட்டத்திலும் இரை தேடும். ஆகவே இனங்களைக் கலந்து விட்டால் எந்த மட்டத்து உணவும் வீணாகாது. ஏக்கருக்கு 2,000 குஞ்சுகள் வரை விடலாம். வெள்ளிக்கெண்டை அதிகமானால் கட்லாவின் வளர்ச்சி குன்றும்.

பயிருக்கு உரம் போல, பிளாங்டனுக்கும் உரம் தேவை. ஏக்கருக்கு 80 கிலோ சுண்ணாம்பு இட்டு, ஒரு வாரம் கழித்து 800 கிலோ சாணம் இட வேண்டும். பின்னர் மாதம் 400 கிலோ சாணத்தை இரண்டு தவணையாகப் பிரித்துக் கரைத்து விடலாம். ரசாயன உரத்தை மண், நீர்ப் பரிசோதனைப்படி இடுவது நலம்.

உணவு போதுமா என்று அறியக் கையே கருவி. வெயில் ஏறிய பிறகு முழங்கை வரை கையை நீரில் விட வேண்டும். உள்ளங்கை தெளிவாகத் தெரிந்தால் உணவு குறைவு, உரமிடலாம். முழங்கை அளவில் மங்கி மறைந்தால் அளவு சரி. மணிக்கட்டு நனைந்ததுமே கை மறைந்தால் பாசி மிகுந்துவிட்டது. உரத்தை உடனே நிறுத்த வேண்டும். சேற்றுக் கலங்கலைப் பாசி என்று மயங்கக் கூடாது. கலங்கிய நீரில் ஒளி புகாததால் பிளாங்டனும் பெருகாது.

பாசி மிகுவதில் பெரும் ஆபத்து உண்டு. பகலில் பிராணவாயுவை வெளிவிடும் பாசி, இரவில் அதையே சுவாசிக்கிறது. மட்கும் சாணமும் பிராணவாயுவை இழுக்கிறது. எனவே விடியற்காலையில் நீரில் பிராணவாயு மிகக் குறைந்துவிடும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதே எச்சரிக்கை. கவனியாவிட்டால், மாதக்கணக்கில் வளர்த்த மீன் ஒரே இரவில் செத்து மிதக்கும்.

இந்த அறிகுறி கண்டவுடன் பம்பு செட்டு மூலம் புது நீரை உயரத்திலிருந்து கொட்டும்படி பாய்ச்ச வேண்டும். புது நீர் இல்லையேல் குட்டை நீரையே இறைத்துத் திரும்பக் கொட்டலாம். அன்று உரமும் தீவனமும் கூடாது. மேகமூட்டமான நாட்களில் சாணமிடுவதைத் தவிர்க்க வேண்டும். அளவறிந்து உரமிட்டு, விடியலில் ஒரு நடை குட்டைக்குச் சென்று பார்த்து வந்தால் நட்டத்தைத் தவிர்க்கலாம்.