பழைய இஸ்திரிப் பெட்டிக்கு மறுவாழ்வு

கோலாலம்பூர் பெட்டாலிங் தெருவை ஒட்டிய சந்தில் விடியற்காலையில் கூடும் பழைய சாமான் சந்தைக்கு மலாய் மொழியில் 'பாசார் காராட்' என்று பெயர். காராட் என்றால் துரு. துருச் சந்தை! பெயருக்கேற்றபடியே அங்கு நிற்காத கடிகாரம் ஓடாது, ஓடும் கடிகாரம் நிற்காது என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். இத்தகைய சந்தைகளிலும், கிள்ளான், பெட்டாலிங் ஜெயா பக்கத்துப் பழம்பொருள் கடைகளிலும் நம்மவர் கண்ணில் அடிக்கடி படும் பொருள் ஒன்று உண்டு. அதுதான் கரி இஸ்திரிப் பெட்டி. மூடியைப் பூட்டும் கொக்கியின் தலையில் ஒரு சேவல் நிமிர்ந்து நிற்கும்.

அந்தச் சேவலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த மூத்த வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நம் நாட்டில் மத்திய மின்சார வாரியம் 1949-இல் அமைந்தது. 1965-இல் அது தேசிய மின்சார வாரியம் ஆகி, 1990-இல் தெனாகா நேஷனல் ஆயிற்று. இத்தனை மாற்றங்களுக்கு இடையிலும் பல தோட்டங்களின் லயங்களுக்கு மாலையில் சில மணி நேரம் ஓடும் ஜெனரேட்டர் வெளிச்சம் மட்டுமே வெகு காலம் கிடைத்து வந்தது. விளக்கு எரியும், ரேடியோ பாடும். இஸ்திரிக்கு அந்த மின்சாரம் தாங்காது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை மாலையானால் வீட்டுக்கு வீடு தேங்காய்ச் சிரட்டை எரியும் வாசனை கிளம்பும். நீலம் போட்டு, கஞ்சியில் முக்கிக் காய வைத்த வெள்ளைச் சட்டைகள் திங்கட்கிழமைக்குத் தயாராகும். தாய் விடியுமுன் பெரட்டுக்குப் போய்விடுவாள். பிள்ளை மடிப்புக் கலையாத சட்டையோடு பள்ளிக்கு வரும். பால் வெட்டுகிறவர் வீட்டுப் பிள்ளை என்று யாரும் ஏளனமாகப் பார்த்துவிடக் கூடாது என்ற ரோஷம் அந்த மடிப்பில் இருந்தது.

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. கித்தா போய்ச் செம்பனை வந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. லயத்தைக் காலி செய்துகொண்டு அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபோனவர்கள் அம்மியையும் ஆட்டுக்கல்லையும் விட்டுவிட்டுப் போனதைப் போலவே இந்தப் பெட்டியையும் கைவிட்டார்கள். 'பெசி புருக்' என்று கூவிக்கொண்டு வரும் லாரிக்காரரிடம் அது எடைக்குப் போயிற்று. சில வெள்ளிக்குப் போன அதே பெட்டிக்கு இன்று பழம்பொருள் கடையில் பல மடங்கு விலை சொல்கிறார்கள். விற்றவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் பெரும்பாலும் அதை வாங்குகிறார்கள் என்பது என் எண்ணம்.

கிள்ளானில் ஒரு பழைய இரும்புக் கடையில் நானும் ஒன்றை வாங்கினேன். நாலு கிலோவுக்கு மேல் எடையுள்ள வார்ப்பிரும்புப் பெட்டி. கீல் அசையவில்லை, கைப்பிடி கருகிப் பிளந்திருந்தது, உள்ளே பழைய சாம்பல் கல்லாக இறுகிக் கிடந்தது. பள்ளி விடுமுறையில் அதைச் சீர்செய்து நெருப்பிட்டுப் பார்த்தேன். அந்த அனுபவத்தை வைத்தே இதை எழுதுகிறேன்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

பானை வாங்கும்போது சுண்டிப் பார்ப்போம் அல்லவா? அதையே இங்கும் செய்ய வேண்டும். மூடியைத் திறந்து வைத்துவிட்டு, பெட்டியைத் தூக்கிப் பிடித்து ஒரு சாவியால் மெல்லத் தட்டுங்கள். மணி போல் கணீரென்று கேட்டால் நல்லது. 'தொப்' என்று செத்த ஓசை வந்தால் எங்கோ விரிசல் இருக்கிறது. விரிசல் விட்ட வார்ப்பிரும்பைச் சாதாரண வெல்டிங் கடையில் ஒட்ட வைப்பது எளிதல்ல. சூடேறும்போது பக்கத்திலேயே மறுபடி பிளக்கும். அப்படிப்பட்ட பெட்டி அலமாரியில் வைக்கத்தான் உதவும்.

துருவைக் கண்டு அஞ்ச வேண்டாம். பயப்பட வேண்டியது பளபளப்பைக் கண்டுதான். விற்பதற்காகக் கறுப்புச் சாயமோ பொன்னிறச் சாயமோ பூசிவிடுகிறார்கள். அதன் மேல் நெருப்பிட்டால் சாயம் புகைந்து மூக்கையும் துணியையும் கெடுக்கும். பழைய சாயமானால் அதில் ஈயம் கலந்திருக்கவும் கூடும். அதை உலர்ந்தபடியே உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தூளைக் கிளப்பக் கூடாது. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் சாயம் பூசிய பெட்டியை வாங்காமல் விடுவதே புத்திசாலித்தனம்.

சாம்பல், துரு, பித்தளை

முதல் வேலை சாம்பலை எடுப்பது. விறகுச் சாம்பலில் பொட்டாசியம் உப்புகள் உண்டு. அவை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். நம் நாட்டுக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? அதனால்தான் வெளியே நன்றாகத் தோன்றும் பெட்டிகூட உள்ளே அரிக்கப்பட்டிருக்கிறது. கெட்டித்த சாம்பலை மரக்குச்சியால் நெம்பி எடுத்து, பக்கவாட்டிலுள்ள காற்றுத் துளைகளை ஒவ்வொன்றாகக் கம்பி விட்டுத் திறக்க வேண்டும். சில பெட்டிகளின் அடியில் துளையிட்ட தட்டு ஒன்று தனியாக இருக்கும். கரி அதன் மேல் கிடக்க, காற்று கீழிருந்து வரும். அது தொலைந்து போயிருந்தால் இரும்புத் தகட்டை அளவாக வெட்டித் துளைபோட்டு வைத்துக்கொள்ளலாம். துத்தநாகம் பூசிய தகரம் மட்டும் கூடாது. தணலில் அந்தப் பூச்சு எரிந்து கிளம்பும் புகை உடம்புக்கு ஆகாது. கீலுக்குப் புது ஆணி போடும்போதும் இதே கவனம் வேண்டும்.

துருவுக்கு நான் பயன்படுத்தியது காடி. பெட்டியைச் சுற்றிக் காடியில் நனைத்த துணியைப் போர்த்தி ஓர் இரவு வைத்தேன். காலையில் துரு சேறுபோல் இளகியிருந்தது. கம்பித் தூரிகைக்கு எளிதில் விட்டுக்கொடுத்தது. அதற்கு மேலும் ஊறவிட்டால் காடி நல்ல இரும்பையும் தின்னும். கழுவியபின் சலவைச் சோடா கலந்த நீரில் ஒருமுறை அலசினால் மிச்சப் புளிப்பு முறிந்துவிடும். உடனே அடுப்புச் சூட்டில் காட்டி உலர்த்த வேண்டும். ஈரத்தோடு வைத்தால் அரை நாளில் மஞ்சள் துரு திரும்பி வந்துவிடும். இன்னொன்று: காடியோடு வெளுப்பு நீரைச் சேர்த்துவிடாதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் என்ற நச்சு வாயு கிளம்பும்.

சேவல் பித்தளை. பச்சைக் களிம்பு ஏறி அது கிளியாகிவிட்டிருந்தது! பித்தளைக்குப் புளியை மிஞ்சிய மருந்து இல்லை என்பதை நம் தாய்மார்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். புளியின் அமிலம் களிம்பைக் கரைக்கிறது. அதோடு சலித்த செங்கல் தூளும் சேர்த்தால் மெருகு வரும். செங்கல் என்றதும் பிரிக்பீல்ட்ஸ் நினைவுக்கு வருகிறது. 1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தபின், கட்டடங்களைச் செங்கல்லால் கட்ட வேண்டும் என்று விதி வந்தது. அதற்குச் செங்கல் சூளை போட்ட இடம் என்பதாலேயே அந்த வட்டாரத்துக்கு அப்பெயர் நிலைத்தது. நிற்க. புளியையும் அளவோடுதான் பயன்படுத்த வேண்டும். செம்பும் துத்தநாகமும் சேர்ந்ததே பித்தளை. அமிலத்தில் நெடுநேரம் கிடந்தால் துத்தநாகம் கரைந்து போய், செம்பு மட்டும் இளஞ்சிவப்புத் திட்டுகளாகத் தெரியும். பத்து நிமிடம் போதும்.

கைப்பிடிக்குக் கொய்யாக் கட்டை செதுக்கினேன். உறுதியான மரம், எளிதில் பிளக்காது. கித்தாக் கட்டை தாராளமாகக் கிடைக்கும்தான். ஆனால் பதப்படுத்தாத கித்தாக் கட்டையை வண்டு துளைத்து மாவாக்கிவிடும்.

அடிப்பாகத்தை மிக மெல்லிய உப்புத்தாளால் ஒரே திசையில் தேய்த்தால் போதும். கண்ணாடி போல் ஆக்குவதற்காக அரவை இயந்திரத்தில் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. யாரோ ஒருத்தியின் வலக்கைப் பழக்கத்தால் ஒரு பக்கம் சற்றே அதிகமாகத் தேய்ந்திருக்கிறது. அதை ஏன் அழிக்க வேண்டும்?

கரியும் காற்றும்

நம் நாட்டில் கரிக்குப் பேர்போன இடம் பேராக்கின் கோல செப்பெத்தாங். மலாயாவின் முதல் ரயில் 1885-இல் தைப்பிங்கிலிருந்து ஓடிச் சேர்ந்த போர்ட் வெல்ட் என்ற துறைமுகம் அதுவேதான். அங்கே மாத்தாங் சதுப்பு நிலக் காடு சுமார் 40,000 ஹெக்டேரில் பரந்திருக்கிறது. ஒரு பகுதியை வெட்டினால் அது மறுபடி முற்ற 30 ஆண்டு என்ற கணக்கில் சுற்று முறையாக வெட்டுகிறார்கள். காண்டா மரத் துண்டுகளைக் கவிழ்த்த பானை போன்ற செங்கல் சூளைக்குள் நிறுத்தி, வாரக்கணக்கில் புழுங்கவிடுவார்கள். புகையின் வாடையைக் கொண்டே உள்ளே வெந்தாயிற்றா என்று சூளைக்காரர்கள் சொல்லிவிடுவார்கள். புழுங்கிய மரத்தில் ஈரமும் எண்ணெயும் புகையும் போய்விடுகின்றன, மிஞ்சுவது கரி. ஆகவேதான் நல்ல கரி துணியில் புகைக்கறை படிய விடாது. தேங்காய்ச் சிரட்டையைப் பயன்படுத்துவோர், புகை முழுதும் அடங்கித் தணல் சிவந்தபின்தான் அதைப் பெட்டிக்குள் போட வேண்டும்.

மூடியிட்ட இரும்புக்குள் நெருப்பு துளைகளின் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. காற்றைத் திறந்தால் சூடு ஏறும், அடைத்தால் தணியும். அமெரிக்காவின் சிகாகோ பக்கத்தில், கடல் மிதவைக்கு இரும்புக் கோளங்கள் செய்து வந்த வெபர் சகோதரர்கள் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீஃபன் என்பவர், 1952-இல் அப்படி ஒரு கோளத்தைப் பாதியாக்கி, ஒரு பாதியை அடுப்பாகவும் மறு பாதியைக் காற்றுத் துளையுள்ள மூடியாகவும் செய்தார். இன்று வசதியானவர்களின் புல்வெளிகளில் இறைச்சி சுடும் உருண்டைக் கரியடுப்பு அப்படிப் பிறந்ததுதான். நம் பாட்டிகளின் பெட்டியில் இருந்த சூத்திரமே அதிலும்! அப்படிப்பட்ட பழைய அடுப்பு மலிவாகக் கைக்கு வந்தாலும் கைவிட வேண்டாம். மூடியின் உட்புறம் சாயம் உரிவது போல் தெரிவது பெரும்பாலும் கருகிய கொழுப்புத்தான். மரச்சட்டத்தால் சுரண்டினால் வந்துவிடும். கம்பித் தூரிகை மட்டும் வேண்டாம். அதன் மேல்பூச்சு நம் எனாமல் தட்டில் உள்ளதைப் போன்ற கண்ணாடிப் பூச்சு. கீறினால் அந்த இடத்தில் துரு நுழையும்.

எங்கே பற்ற வைப்பது?

இதை அழுத்தமாகச் சொல்லிவிடுகிறேன். லயத்து வீட்டில் பலகை இடுக்கிலும் கூரைச் சந்திலும் காற்று வந்து போயிற்று. அடுக்குமாடி வீடு அப்படியல்ல. கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலி, மயக்கம் என்று தொடங்கி, சன்னலை அடைத்த அறையில் தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும். மழை பெய்கிறது என்று கரிப்பெட்டியை வீட்டுக்குள் எடுத்து வைப்பது கூடவே கூடாது. திறந்த வாசல், முற்றம், கூரை மட்டும் உள்ள கொட்டகை இவையே தகுந்த இடம்.

ஆண்டுக்கு ஒருநாள் பற்ற வைக்கும் நமக்கே இந்த எச்சரிக்கை என்றால், நாள் முழுதும் அதன் முன் நிற்பவர்கள் நிலை என்ன? தமிழ்நாட்டில் தெருவோரத் தள்ளுவண்டியில் கரிப்பெட்டியால் துணி தேய்த்துப் பிழைக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. திருவண்ணாமலையைச் சேர்ந்த மாணவி வினிஷா உமாசங்கர் இவர்களைப் பார்த்துத்தான் சூரிய ஒளியில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். அதற்காக 2020-இல் சுவீடன் நாட்டின் குழந்தைகள் பருவநிலைப் பரிசு பெற்றார். 2021-இல் கிளாஸ்கோவில் நடந்த உலகப் பருவநிலை மாநாட்டிலும் பேசினார். மின்சார இஸ்திரிப் பெட்டிக்கு நியூயார்க்கில் ஹென்றி சீலி 1882-இலேயே காப்புரிமை பெற்றுவிட்டார் என்பதையும், அது தெருவோரத் தொழிலாளியிடம் வர எத்தனை காலம் ஆகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

முதல் நெருப்புக்குப் பாதிப் பெட்டி தணல் போதும். மூடி, சேவலைத் திருப்பிப் பூட்டி, சற்று நேரம் சும்மா வைத்தால் மிச்சமிருந்த எண்ணெய்ப் பசை புகைந்து போய்விடும். பிறகு ஒரு துளி நீர் தெளித்தால் சுரீரென்று உருண்டோட வேண்டும். வாழை இலைத் துண்டை விரித்து அதன் மேல் பெட்டியை இரண்டு முறை இழுங்கள். இலையின் மெழுகு அடிப்பாகத்தில் ஏறி, துணியில் வழுக்கிக்கொண்டு போகும். அந்த வாசனை எழுந்தபோது பக்கத்து வீட்டு ஆயா வேலியருகே வந்து நின்று, "வாத்தியாரே, யார் வீட்டில் கல்யாணம்?" என்று கேட்டார்.

இன்றைய பள்ளிச் சீருடையில் மட்டும் இதை வைத்துவிடாதீர்கள். பருத்தி 200 டிகிரி சூட்டையும் தாங்கும். இப்போதைய சட்டைகளில் கலந்திருக்கும் பாலியெஸ்டர் 150 டிகிரியைத் தாண்டினாலே பளபளத்துச் சுருங்கும். வேட்டி, பருத்திச் சேலை, தலையணை உறை இவற்றுக்குத்தான் இது ஏற்றது. அப்போதும் மேலே ஈரத்துணி ஒன்றை விரித்துக்கொள்வது நல்லது.

வேலை முடிந்ததும் தணலை இரும்பு டின்னில் கொட்டி நீர் ஊற்றி அணைக்க வேண்டும். சாம்பலுக்குள் புதைந்த தணல் மறுநாள் காலைவரைகூட உயிரோடிருக்கும். பலகை வீடுகளுக்கு அது பகை. பெட்டி ஆறியதும் உள்ளே ஒரு பொட்டுச் சாம்பல்கூட இல்லாமல் துடைத்து, தையல் இயந்திர எண்ணெயை மெல்லியதாகத் தடவி வையுங்கள். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்து நாறும். பிளாஸ்டிக் பையில் கட்டினால் உள்ளேயே வியர்த்துத் துருப்பிடிக்கும். பழைய பருத்தி வேட்டித் துண்டில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்தால் போதும்.