வழக்கம் முந்தி, சட்டம் பிந்தி

தோட்டத் தோழர்களே!

சிங்கப்பூரில் தெம்பனிஸ் என்று ஓர் ஊர். ஒரு காலத்தில் அங்கேயும் பால்மரக் காடுதான். இன்று அடுக்குமாடி நகரம். அங்கே நடந்த சங்கதியில் நமக்கும் பாடம் இருக்கிறது.

நடைபாதையில் சைக்கிள் ஓட்டுவது அங்கே முன்பு குற்றம். ஆனால் சாலையில் லாரி வருமே! மார்க்கெட்டுக்குப் போகும் பெரியவரும் வேலைக்குப் போகிறவரும் உயிருக்குப் பயந்து நடைபாதையில்தான் மிதித்தார்கள். அபராதம் வந்தும் வழக்கம் நிற்கவில்லை. 2007-ல் அரசாங்கமே சோதனையாக விட்டுப் பார்த்தது. 2010 மார்ச் 1 முதல் சட்டமே அனுமதித்தது. தீவில் முதலில் அந்த உரிமை பெற்ற ஊர் தெம்பனிஸ்தான்.

பிறகு மின்சார ஸ்கூட்டர் வந்தது. சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் தொழிலாளிகளுக்கு அதுதான் பிழைப்பு. சிலர் கண்மண் தெரியாமல் ஓட்டினார்கள்; நடந்து போனவர்கள் அடிபட்டார்கள். 2019 நவம்பர் 4-ந் தேதி அறிவிப்பு. மறுநாளே தீவு முழுக்க நடைபாதைகளில் தடை! ஒழுங்காக ஓட்டியவன் வயிற்றிலும் அடி விழுந்தது.

பார்த்தீர்களா? எளியவரைக் காக்கும் வழக்கம் சட்டத்தையே தன் பக்கம் இழுத்தது. எளியவரை இடிக்கும் வழக்கம் சட்டத்தைத் தலையில் இறக்கியது.

"இது எங்க வழக்கம்" என்று சொல்லுமுன், அதனால் யாருக்கு அடிபடுதுன்னு பாருங்கள். கூட இருப்பவன் தப்பு செய்தால் நாமே தட்டிக் கேட்போம். சட்டம் எழுதுமுன் நம்மையும் கேட்க வேண்டுமானால், சங்கத்தில் ஒன்றாய் நிற்போம்!